புறாவுக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ்



சென்ற இதழில் வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் கவனிக்க வேண்டிய விடயங்களை எழுதியிருந்தேன். இந்த இதழில் எழுதப்போவது புறாவைப் பற்றி. "இவனுக்கு என்ன, தொழிற்சாலையில் வேலை குறைந்துவிட்டதோ?" என்று நினைக்காதீர்கள். வேலை குறையவில்லை. புறா வாங்கப்போய் 600 யூரோவுக்குப் படித்த பாடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது புறாவுக்கு மட்டுமான பாடம் அல்ல. புதிதாக இந்த நாட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு வகையில் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சின்ன மனிதனின் பந்தயக் குதிரை

நான் இருப்பது ஜேர்மனியில், ரூர் பகுதியில். இங்கே முன்பு நிலத்துக்குக் கீழே நிலக்கரி தோண்டினார்கள். கடைசிச் சுரங்கம் பொட்ரொப் நகரத்தில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பகல் முழுக்க இருட்டுக்குள் வேலை செய்த அந்தத் தொழிலாளர்கள், மேலே வந்ததும் வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். சுரங்கக் கம்பனி கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளின் பின்வளவில் புறாக்கூடு கட்டினார்கள். பணக்காரனுக்குக் குதிரைப் பந்தயம், எங்களுக்குப் புறாப் பந்தயம் என்று, பந்தயப் புறாவுக்கு 'சின்ன மனிதனின் பந்தயக் குதிரை' என்று பெயர் வைத்தார்கள். ஜேர்மனியின் பந்தயப் புறா வளர்ப்போர் சங்கத்தின் தலைமை அலுவலகம்கூட இங்கே எசன் நகரத்தில்தான் இருக்கிறது.

எங்களுடைய ஆட்களுக்கும் புறா புதிது அல்ல. ஊரில் கூரைக்குக் கீழே பெட்டி அடித்துப் புறா வளர்க்காத பெடியன்கள் குறைவு. 2015 இல் வந்த 'மாரி' படத்தில் சென்னையின் புறாப் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பது வேறு விதம். புறாக்களைக் கூடைகளில் அடைத்து, லொறியில் 200, 400, 600 கிலோமீற்றர் தூரம் கொண்டுபோய், காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் தன் கூட்டுக்குத் திரும்பிவரும். காலில் உள்ள சில்லு வளையம் கூட்டு வாசலில் நேரத்தைப் பதியும். கூடுகள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், முதலில் வந்தது எது என்று பார்ப்பதில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் பறந்தது என்று கணக்குப் பார்த்துத்தான் பரிசு.

எங்கள் பகுதியில் இளைப்பாறும் வயதை நெருங்கிய ஒரு ஜேர்மன்காரர் வேலை செய்கிறார். அவருடைய தகப்பனும் பேரனும் சுரங்கத் தொழிலாளர்கள். மூன்று தலைமுறையாகப் புறா. நாங்கள் மூன்று தமிழர் அவரோடு வேலை செய்கிறோம். எங்களுக்குள்ளே அவருக்கு 'புறா அண்ணை' என்று பெயர். ஒரு நாள் அவருக்கே அதைச் சொல்லி, கருத்தையும் விளக்கினோம். அன்றிலிருந்து "நான் உங்கள் அண்ணை" என்று தமிழில் சொல்லித்தான் காலை வணக்கம். அவர்தான் தன்னுடைய தோட்டத்துக் கூட்டில் ஒரு மூலையை எனக்குத் தந்தார். நான் இருப்பது மூன்றாம் மாடி வாடகை வீடு. அங்கே கிளி வளர்க்கவே வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும்.

அழகான கடுதாசி

2023 வசந்த காலம். என்னுடைய புறாக்கள் பந்தயத்தில் எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் வந்தன. நல்ல வம்சத்தில் ஒரு ஆண் புறா வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை. புறா அண்ணை "வேண்டாம் தம்பி, சங்கத்தில் யாராவது நல்ல குஞ்சு சும்மா தருவார்கள், பொறு" என்றார். நான் பொறுக்கவில்லை.

விளம்பரம் ஒன்று பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம் காரில் போகும் தூரம். இரண்டு வயது ஆண் புறா. பெல்ஜியத்தின் பெரிய வெற்றியாளன் ஒன்றின் பேரன் என்று எழுதியிருந்தது. விலை 600 யூரோ. அது எனக்கு இரண்டு மாத மேலதிக வேலைக் காசு. மனிசியிடம் 300 என்று சொன்னேன். (இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார். உண்மை இப்போது வெளியில் வந்தாயிற்று.)

விற்றவர் மரியாதையான மனிதர். கோப்பி தந்தார். ஒரு வம்சக் கடுதாசியும் தந்தார். அடேயப்பா, அந்தக் கடுதாசியின் வடிவைப் பார்க்கவேண்டும்! தடித்த மினுங்கும் தாள். நான்கு தலைமுறையின் பெயர்கள், வளைய இலக்கங்கள், வெற்றிகள். கீழே கையெழுத்து. எங்களுடைய கலியாணப் பதிவுத் தாள்கூட அவ்வளவு வடிவு இல்லை. நான் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, புறாப் பெட்டியை முன் ஆசனத்தில் வைத்து, பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன்.

புறா அண்ணை புறாவைக் கையில் எடுத்தார். இறகை விரித்தார். வாலைப் பார்த்தார். பிறகு கடுதாசியை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தத் தகப்பன் இதற்குத் தகப்பன் இல்லை. அல்லது இந்தத் தாய் இதற்குத் தாய் இல்லை."

"எப்படித் தெரியும்?"

"நிறம் சொல்லுது."

நிறம் சொல்லும் சாட்சி

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். பந்தயப் புறாக்களில் அடிப்படை நிறங்கள் மூன்று. சாம்பற் சிவப்பு, நீலம், பழுப்பு. நீலம் என்றால் நாங்கள் தெருவில் காணும் சாதாரணப் புறாவின் சாம்பல் நிறம்தான். அதற்கு வாலின் நுனியில் கறுப்புப் பட்டை இருக்கும். சாம்பற் சிவப்பு என்றால் உடம்பு வெளிறிய சாம்பல், செட்டையில் துருப்பிடித்த மாதிரிச் சிவப்புக் கோடுகள், வாலில் கறுப்புப் பட்டை இல்லை.

சாம்பற் சிவப்பு நீலத்தை வெல்லும் நிறம். ஒரு புறாவிடம் அது இருந்தால் வெளியில் தெரிந்தே தீரும், நீலத்துக்குப் பின்னால் ஒளித்திருக்காது. ஆகவே தாயும் தகப்பனும் இருவரும் நீலமாக இருந்தால், பிள்ளை சாம்பற் சிவப்பாகப் பிறக்க வழியில்லை. என் கடுதாசியில் தகப்பன் நீலம், தாய் நீலம் என்று அச்சடித்திருந்தது. என் கையில் இருந்ததோ துருக்கோடு போட்ட சாம்பற் சிவப்பு. நான்கு தலைமுறைப் பெயரையும் வடிவாக அடித்தவர், நிறத்தை மட்டும் பார்க்க மறந்துவிட்டார்.

இதே மாதிரி இன்னொரு விதியும் உண்டு. செட்டையில் புள்ளிச் சதுரம் உள்ள கோலம், இரண்டு கோடு மட்டும் உள்ள கோலத்தை வெல்லும். இரண்டு கோட்டுப் புறாக்கள் சேர்ந்து சதுரக் கோலக் குஞ்சு தராது. இந்த இரண்டு விதியும் தெரிந்திருந்தால் காசு செலவில்லாமலே பல பொய்களைப் பிடிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நிறம் "இல்லை" என்று சொல்லும், "ஆம்" என்று சொல்லாது. நிறம் பொருந்துகிறது என்பதற்காக அதுதான் தகப்பன் என்று ஆகாது. நீல நிற ஆண் புறாக்கள் உலகத்தில் கோடிக்கணக்கு. "ஆம்" என்பதற்கு டி.என்.ஏ. சோதனைதான் வேண்டும்.

டி.என்.ஏ. என்றதும் எனக்கு வந்த நினைவு

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் முகம் மாறியதைப் புறா அண்ணை கவனித்தார். காரணத்தை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். இதை வாசிக்கும் பலருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும்.

நான் இங்கே வந்தது 2013 இல். மகள் அப்போது ஒரு வயதுக் குழந்தை. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, பிள்ளையின் பிறப்புப் பதிவில் என் பெயர் ஒரு விதமாகவும், என் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஊரில் யாரோ ஒரு எழுதுவினைஞர் அவசரத்தில் செய்த பிழை. ஆனால் ஆவணம் போதாது, விரும்பினால் டி.என்.ஏ. சோதனை செய்யலாம் என்று கடிதம் வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. "என் பிள்ளை என் பிள்ளை என்று நான் நிரூபிக்க வேண்டுமா?" என்று ரெலிபோனில் மனிசியிடம் கத்தினேன். அவர் அழவில்லை. "எழுத்துப் பிழைவிட்டது கந்தோர். இரத்தம் பிழைவிடாது. கொடுங்கோ" என்றார். கொடுத்தோம். 2018 இல் இருவரும் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

பிள்ளையையும் புறாவையும் ஒன்றாக வைத்துக் கதைக்கிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம். பிள்ளை பிள்ளைதான், புறா புறாதான். ஆனால் சோதனை நடக்கும் முறை ஒன்றுதான். அதனால்தான் அது எனக்குச் சட்டென்று விளங்கியது.

எந்தப் பிள்ளையும் பாதியைத் தாயிடமும் பாதியைத் தகப்பனிடமும் வாங்குகிறது. டி.என்.ஏ. என்ற நீண்ட நூலில் சில இடங்களில் ஒரே சின்ன எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் வருகிறது என்பது ஆளுக்கு ஆள், புறாவுக்குப் புறா மாறும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. உதாரணமாக ஒரு இடத்தில் தகப்பனுக்கு 12, 15. தாய்க்கு 9, 14. குஞ்சுக்கு 12, 14 என்று வந்தால் சரி. குஞ்சுக்கு 10, 14 என்று வந்தால்? 14 தாயிடமிருந்து வந்தது. 10 எங்கே இருந்து வந்தது? அந்தத் தகப்பனிடம் 10 இல்லையே! இப்படிப் பல இடங்களை ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு இடத்தில் பொருந்தாவிட்டால் இயற்கையில் நடக்கும் ஒரு மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டு, மூன்று இடங்களில் பொருந்தாவிட்டால் கதை முடிந்தது, அது தகப்பன் இல்லை.

புறாவுக்கு இதற்கு ஊசிகூடத் தேவையில்லை. நெஞ்சிலிருந்து நாலைந்து சின்ன இறகைப் பிடுங்கி, ஒரு கடித உறையில் போட்டு அனுப்பினால் போதும். இறகின் அடிக்காம்பில் ஒட்டியிருக்கும் உயிரணுக்களில்தான் விடயம் இருக்கிறது.

காலில் வளையம் இருக்கிறதே?

"காலில் வளையம் இருக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் பொருத்து இல்லாத வளையத்தைக் காலில் ஏற்றிவிடுவார்கள். பிறகு கால் தடித்துவிடும், வளையம் கழராது. அதில் நாடு, வருடம், இலக்கம் எல்லாம் இருக்கும். அது எங்களுடைய அடையாள அட்டை மாதிரி. இந்தப் புறா இந்தப் புறாதான் என்று சொல்லும். யாருடைய பிள்ளை என்று சொல்லாது. தாய் தகப்பன் பெயரைக் கடுதாசியில் எழுதுவது வளர்ப்பவரின் கை. அந்தக் கை நேர்மையாக இருந்தால் கடுதாசி உண்மை. இல்லாவிட்டால் வெறும் தாள்.

கை ஏன் பொய் சொல்லுகிறது? காசுதான். 2019 இல் 'அர்மாண்டோ' என்ற பெல்ஜியப் புறா ஒன்று இணைய ஏலத்தில் 12 இலட்சத்து 50 ஆயிரம் யூரோவுக்கு மேல் போனது. 2020 நவம்பரில் 'நியூ கிம்' என்ற இரண்டு வயதுப் பேடு 16 இலட்சம் யூரோவுக்குப் போனது. இரண்டையும் வாங்கியது சீனாவில் உள்ளவர்கள். ஒரு புறாவுக்கு இவ்வளவு விலை என்றால், அதன் பிள்ளை, பேரன், பூட்டன் என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் விலை ஏறும். பெல்ஜியத்தின் அரெண்டொங் என்ற ஊரில் யான்சன் சகோதரர்கள் என்று பெயர்பெற்ற புறா வளர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வம்சம் என்று சொல்லி உலகம் முழுக்கப் புறா விற்கிறார்கள். அத்தனை புறாவும் அந்த ஒரு கூட்டில் இருந்து வந்திருக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் 600 யூரோ

விற்றவருக்கு ரெலிபோன் எடுத்தோம். தகப்பன் புறாவின் இறகும் தாய்ப் புறாவின் இறகும் வேண்டும், சங்கத்து ஆள் ஒருவர் முன்னிலையில் எடுப்போம், சோதனைச் செலவு என்னுடையது என்றேன். முதலில் தகப்பனை விற்றாகிவிட்டது என்றார். பிறகு தாய் பருந்துக்கு இரையாகிவிட்டது என்றார். கடைசியில் "சில நேரம் நிறம் மாறிப் பிறக்கும்" என்றார். புறா அண்ணை சிரித்துவிட்டார்.

இங்கேதான் நான் ஒரு பெரிய உண்மையைக் கற்றேன். குஞ்சின் இறகை மட்டும் அனுப்பினால் எந்த ஆய்வுகூடமும் "இது இன்னாருடைய பிள்ளை" என்று சொல்லாது. ஒப்பிடத் தாயும் தகப்பனும் வேண்டும், அல்லது அவற்றின் முடிவுகள் அதே ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே பதிவில் இருக்கவேண்டும். ஆகவே சோதனை பற்றிய கதை காசு கொடுக்க முன் நடக்கவேண்டும். காசு கைமாறிய பிறகு தகப்பன்மார் விற்கப்பட்டுவிடுவார்கள், தாய்மாரைப் பருந்து கொண்டுபோய்விடும்.

என்னிடம் ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. நல்ல காலம், விளம்பரத்தின் பிரதியும் கையெழுத்து வைத்த கடுதாசியும் இருந்தன. புறா அண்ணை பக்கத்தில் இருந்து சொல்ல, நான் ஜேர்மன் மொழியில் இரண்டு கடிதம் எழுதினேன். கடைசியில் 350 யூரோ திரும்பி வந்தது. மிச்சம் 250 யூரோ பள்ளிக்கூடக் கட்டணம் என்று வைத்துக்கொண்டேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவனுக்கு அதுவும் ஒரு வகுப்புத்தானே.

அந்தப் புறா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் மேல் என்ன குற்றம்? அது தன் வம்சத்தைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

புறா அண்ணையின் சிவப்புப் பேனா

2024 இல் பக்கத்து ஊரில் ஒருவரிடம் ஒரு இளம் பேடு பார்த்தேன். விலை 150 யூரோ. இந்த முறை முதலிலேயே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எடு" என்று மூன்று புறாவையும் கையில் தந்தார். மூன்றுக்கும் சோதனைச் செலவு ஏறத்தாழ எனக்கு ஒரு நாள் சம்பளம். முடிவு பொருந்தியது. அன்று காசு கொடுத்தபோது மனதில் எந்தக் கனமும் இருக்கவில்லை. மனிசிக்கும் சரியான விலையைச் சொன்னேன்.

அந்த முடிவைப் பார்த்துப் புறா அண்ணைக்கும் ஆசை வந்தது. அவருடைய கூட்டில் 11 வயதுக் கிழட்டு ஆண் ஒன்று இருக்கிறது. அவருக்கு அதிகம் பரிசு கொண்டுவந்தது அதுதான். அதன் பிள்ளைகள் ஆறின் இறகை அனுப்பினார். ஐந்து பொருந்தியது. ஒன்று பொருந்தவில்லை.

மனிதர் அன்று முழுக்கக் கதைக்கவில்லை. நாற்பது வருடமாகப் புறா வளர்க்கிறார், ஒரு தாளிலும் பொய் எழுதாதவர். பிறகு பக்கத்துப் பெட்டியில் இருந்த ஆண் புறாவின் இறகையும் அனுப்பினார். அதனோடு பொருந்தியது. புறா ஜோடி சேர்ந்தால் மாறாது என்று நாங்கள் கதைகளில் படிக்கிறோம். ஆனால் எல்லா ஜோடிகளும் ஒரே அறையில் திறந்து இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் புகுந்துவிடுகிறான். தாயும் தகப்பனும் பக்கத்து ஆணும் எல்லாம் நீலமாக இருந்ததால் நிறத்தாலும் பிடிபடவில்லை. இது தவிர, நல்ல புறாவின் முட்டையை வேறு ஜோடிக்குக் கீழே அடைவைக்கும் வழக்கமும் உண்டு. அப்போது எந்த முட்டை எது என்று மாறிப்போவதும் நடக்கும்.

பொருந்தாத அந்தப் பேட்டை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போலந்துப் பெடியனுக்கு 80 யூரோவுக்கு விற்றிருந்தார். அன்று பின்னேரமே அவனுக்கு ரெலிபோன் எடுத்தார். "நான் உனக்குத் தந்த தாள் பிழை. 80 யூரோவைத் திருப்பித் தருகிறேன். புறாவையும் நீயே வைத்துக்கொள்" என்றார். அவன் சிரித்தானாம். "அது 400 கிலோமீற்றரில் இருந்து எனக்குப் பரிசு கொண்டுவந்த புறா, காசு வேண்டாம்" என்றானாம். ஆனாலும் இவர் விடவில்லை. அடுத்த ஞாயிறு போய்க் காசைக் கொடுத்து, தாளில் தகப்பன் பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, சரியான இலக்கத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

வரும் வழியில் சொன்னார்: "தம்பி, பிழை எல்லாருடைய கூட்டிலும் நடக்கும். தெரிந்த பிறகும் மறைத்தால்தான் அது களவு."

எனக்கு என் மகளின் பிறப்புப் பதிவில் பிழைவிட்ட அந்த எழுதுவினைஞரின் நினைவு வந்தது. அவர் மேல் இத்தனை வருடம் வைத்திருந்த கோபம் அன்று கொஞ்சம் குறைந்தது.

சோதனை சொல்லாதவை

டி.என்.ஏ. முடிவு தாய் தகப்பன் யார் என்று மட்டும்தான் சொல்லும். புறா வேகமாகப் பறக்குமா, வழி கண்டுபிடித்து வருமா, நோயில்லாமல் இருக்குமா என்று சொல்லாது. பிள்ளைக்குத் தகப்பனின் பாதி. பேரனுக்கு ஏறத்தாழக் கால். பூட்டனுக்கு அரைக்கால். கடுதாசியின் நாலாம் தலைமுறையில் ஒரு மகா வீரன் இருந்தால், உங்கள் கையில் உள்ள புறாவிடம் அவனுடைய பங்கு பதினாறில் ஒன்று. அதற்காக விலையைப் பத்து மடங்கு கூட்டினால் யாருக்கு இலாபம்? ஒரே கூட்டில் பொரித்த இரண்டு குஞ்சில் ஒன்று பரிசு கொண்டுவரும், மற்றது வழி தெரியாமல் போகும். தீனி, சுத்தம், பயிற்சி, பொறுமை இவையெல்லாம் தாளில் வராது.

இன்னொன்று. ஒரே கூட்டில் நெருங்கிய உறவுப் புறாக்கள் அதிகம் இருந்தால், தகப்பனா தகப்பனின் சகோதரனா என்று பிரிப்பது கஷ்டம். அப்படியான இடத்தில் தாயின் இறகையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

வாங்கப் போகிறவர்களுக்கு

1. பந்தயத்தில் விட்டுப் பழக, மலிவாக ஒரு குஞ்சு வாங்குகிறீர்கள் என்றால் சோதனை தேவையில்லை. அதைக் கூடையும் கடிகாரமும் சோதிக்கும். வம்சத்தின் பெயருக்காகக் கூடிய காசு கொடுக்கும்போது மட்டும் சோதனை கேளுங்கள்.

2. போகும்போதே கடுதாசியில் தாய் தகப்பனின் நிறத்தைப் பாருங்கள். கையில் உள்ள புறாவோடு ஒப்பிடுங்கள். இது இலவசம்.

3. தாயையும் தகப்பனையும் கண்ணால் பாருங்கள். காட்ட மறுத்தால் கோப்பியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

4. இறகை நிலத்தில் பொறுக்காதீர்கள், அது எந்தப் புறாவின் இறகு என்று யாருக்குத் தெரியும்? உடம்பில் இருந்து பிடுங்குங்கள், காம்பைத் தொடாதீர்கள். ஒரு புறாவுக்கு ஒரு புது உறை. வளைய இலக்கத்தை உடனே உறையில் எழுதுங்கள். ஆய்வுகூடம் உறைக்குள் இருக்கும் இறகைத்தான் சோதிக்கும். அது எந்தப் புறாவில் இருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஆகவே விற்பவரும் வாங்குபவரும் சங்கத்து ஆள் ஒருவரும் சேர்ந்து நின்று எடுப்பது நல்லது.

5. விற்பவர் பழைய முடிவுத் தாள் ஒன்றைக் காட்டினால், அதில் உள்ள வளைய இலக்கமும் காலில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஆய்வுகூடத்துக்கு ஒரு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள்.

6. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்: இந்த இலக்கப் புறா, இந்த இரண்டு புறாக்களின் பிள்ளை, சோதனையில் பொருந்தாவிட்டால் இத்தனை நாளுக்குள் முழுக்காசும் திரும்பும். ஜேர்மன் மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். விளம்பரத்தின் பிரதியைக் கட்டாயம் வைத்திருங்கள்.

புறா வாங்காதவர்களுக்கும் ஒரு சொல். குடும்பத்தைக் கூப்பிடும் விடயத்தில் உங்களிடம் டி.என்.ஏ. சோதனை பற்றிக் கேட்டால் என்னைப்போல் சாப்பிடாமல் படுக்காதீர்கள். ஜேர்மனியில் அது விருப்பத்தின் பேரில் செய்வது, கட்டாயம் அல்ல. ஆனால் ஆவணம் போதாத இடத்தில் அது உதவும். செலவு எங்களுடையது. ஆகவே முடிவெடுக்க முன் ஒரு வழக்கறிஞரிடமோ அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்திலோ கேளுங்கள். கேட்கிறார்களே என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் தாள்களில் பிழை இருக்கலாம். பிள்ளைகளில் பிழை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தோட்டத்துக்கு வந்தாள். 150 யூரோப் பேடும், கடுதாசி பொய்யான அந்தச் சாம்பற் சிவப்பு ஆணும் இப்போது ஜோடி. இரண்டு முட்டை இட்டு, பதினெட்டு நாள் மாறி மாறி அடைகாத்து, இரண்டு குஞ்சு பொரித்திருக்கின்றன. வளையம் ஏற்ற நான் குஞ்சைப் பிடிக்க, மகள் கொப்பியில் எழுதினாள்.

"அப்பா, தகப்பனுடைய தகப்பன் பெயர் என்ன எழுத?"

"தெரியாது என்று எழுது, அம்மா."

அப்படியே எழுதினாள். அந்தக் கொப்பியில் உள்ளதெல்லாம் உண்மை.

அடுத்த இதழில், குளிர்காலச் சூடாக்கிக் கணக்கு வருட முடிவில் ஏன் கூடி வருகிறது என்று எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் கேள்விகளை ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அதுவரை வணக்கம்.